ரங்கூன் முத்திரை, ராயபுரம் முத்திரை

இந்த வாரம் எனக்கு வந்த ஓர் உறையில் தபால்தலையின் குறுக்கே நீலப் பேனாவால் இரண்டு கோடு. முத்திரை இல்லை. எந்த ஊரில் போட்டார்கள், என்றைக்குப் போட்டார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. பேனாக் கிறுக்கல் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பழகியதுதான். இந்த முறை அது கூடியிருப்பதற்குக் காரணம், 2025-இல் வந்த ஒரு மாற்றம்.

அதிலிருந்து பதிவுத் தபால் என்ற தனிச் சேவை கிடையாது. ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸ், வேலைக்கான உத்தரவு, ஊருக்கு அனுப்பும் பத்திரம் எல்லாம் இனி அதில்தான் போக வேண்டும். சீக்கிரம் போய்ச் சேரும், எங்கே இருக்கிறது என்று செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்தத் தடம் கணினியில் இருக்கிறது, உறையில் இல்லை. கவுன்ட்டரில் கொடுக்கும் ரசீதும் கொஞ்ச காலத்தில் வெளிறி வெறுந்தாளாகிவிடுகிறது. பழைய பதிவுத் தபால் உறையைத் திருப்பிப் பாருங்கள். புறப்பட்ட அஞ்சலகம், வழியில் கைமாறிய இடங்கள், பட்டுவாடா செய்த அஞ்சலகம் என்று போன வழியெல்லாம் அதன் மேலேயே இருக்கும்.

முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொள்வது கடினமில்லை. வட்டத்தின் வளைவில் ஊர்ப்பெயர், நடுவில் தேதி. தலைமேல் விழுவது அந்தத் தலையை மறுபடி பயன்படுத்த முடியாமல் செய்யும் முத்திரை. பின்பக்கம் விழுவது வந்துசேர்ந்த முத்திரை. ஊர்ப்பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்தும் எண்ணும், கூடவே 'இன்' அல்லது 'அவுட்', 'செட்' என்றும் இருந்தால் அது ஆர்.எம்.எஸ்., அதாவது ரயில் தபால் சேவையின் முத்திரை. ஓடும் ரயிலில் நின்றபடி கடிதம் பிரித்தவர்கள் குத்தியது. 'இன்', 'அவுட்' இரண்டும் வண்டி போன திசையைச் சொல்லும்; செட் என்பது அன்றைக்கு முறை பார்த்த குழு. 1863-இல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையில் தொடங்கிய வேலை அது.

எங்கள் வடசென்னை உறைகளுக்கென்று சில அடையாளங்கள் உண்டு. விலாசத்தில் 'மெட்ராஸ்-13' என்றிருந்தால் ராயபுரம். 1972 ஆகஸ்ட் 15-இல் ஆறு இலக்கப் பின்கோடு வந்தபோது பழைய எண் அதன் வாலில் அப்படியே தங்கிவிட்டது: ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057. ஆலைகளிலிருந்து போன கடிதங்கள் பலவற்றில் தபால்தலையே இருக்காது. அலுவலகத்து ஃபிராங்கிங் இயந்திரம் அடித்த சிவப்பு அச்சுதான் இருக்கும்.

பதிவுத் தபாலைப் பற்றி இன்னும் எழுத இருந்தேன். அதற்குள் பழைய உறைகள் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்துவிட்டேன். கையில் வந்தது, கல்மண்டபம் பக்கம் ஒரு பழைய காகிதக் கடையில் வாங்கிய உறை. 1936-இல் ரங்கூனிலிருந்து ராயபுரத்துக்கு வந்தது. மேலே ஐந்தாம் ஜார்ஜ் தலை. அதே தலையை ராயபுரத்திலும் வாங்கலாம், லாகூரிலும் வாங்கலாம். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். கடலைத் தாண்டினாலும் கடிதத்துக்கு உள்நாட்டுக் கட்டணம்தான். தலையை மட்டும் பார்த்தால் இது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்வது முத்திரை ஒன்றுதான். முன்னால் ரங்கூன், பின்னால் மெட்ராஸ், அதன் பக்கத்தில் ராயபுரம். முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே ஐந்து நாள். அந்த ஐந்து நாளில்தான் வங்கக் கடலும் கப்பலும் துறைமுகமும் ராஜாஜி சாலையின் பெரிய தபாலாபீசும் தபால்காரரின் நடையும் அடக்கம்.

இந்த உறையை எடுத்தால் ஜால் கூப்பரையும் எடுத்தாக வேண்டும். பம்பாய்க்காரர், தபால்தலை வியாபாரி, பத்திரிகை ஆசிரியர். அவருடைய 'இந்தியா யூஸ்ட் இன் பர்மா' நூலை நான் எத்தனையோ பேருக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். பர்மாவில் பயன்பட்ட இந்தியத் தலைகளை முத்திரையை வைத்தே அடையாளம் கண்டு எழுதிய புத்தகம். விலை உயர்ந்த தலைகளைத் தேடி எல்லோரும் ஓடிய காலத்தில், மிக மலிவான தலையின் மேலிருந்த கறுப்பு மையைப் பார்த்தவர் அவர். அந்தக் கண் வந்துவிட்டால் மற்றவையும் புரியும். 1867 வரை சிங்கப்பூரிலும் இந்தியத் தலைதான் ஒட்டினார்கள். 'பி 172' என்ற முத்திரை இருந்தால் அது சிங்கப்பூரில் போட்ட கடிதம். ஏடனும் அப்படித்தான், 1937 வரை. கூலிக்கும் வியாபாரத்துக்கும் கப்பலேறிய தமிழர்களில் பலருக்குக் கல்வெட்டு கிடையாது, பத்திரம் கிடையாது. இன்ன நாளில் இன்ன ஊரில் ஒரு கடிதம் போட்டார் என்பதற்கு அரசாங்கமே குத்திக்கொடுத்த சாட்சி இந்த மை. அதனால்தான் பேனாக் கோட்டை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனியாயிற்று. அதே ராஜா தலையின் மேல் 'பர்மா' என்று அச்சடித்து விற்றார்கள். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன்மேல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரமே அவர்கள் கைக்குப் போயிற்று. இங்கிருந்து போட்ட கடிதங்கள் 'சேவை இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் நடந்து இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. யுத்தத்துக்குப் பிறகு மீண்டும் போனவர்களையும் அங்கேயே தங்கிவிட்டவர்களையும் 1962-இல் வந்த நே வின் ஆட்சி விடவில்லை. கடைகளை அரசுடைமை ஆக்கியதும், 1964 முதல் கப்பல் கப்பலாக மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் குடியேறினார்கள். 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜார் எழுந்தது. தங்கமும் பணமும் விருப்பம்போல் கொண்டுவர அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் பழைய கடிதக் கட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வந்திருக்கலாம். அப்படி வந்தவற்றில் சில இன்னும் இந்தப் பகுதி வீடுகளின் பரண்களில் இருக்கின்றன என்று நம்புகிறேன்.

அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூட ஆல்பத்துக்காகத் தலையை மட்டும் கத்தரித்து எடுக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். கத்தரித்தால் பாதி முத்திரை உறையோடு போய்விடும், ஊரா தேதியா ஏதாவது ஒன்று அறுந்துவிடும். பின்பக்கத்து வந்துசேர்ந்த முத்திரை குப்பைக்குப் போகும். உறையை முழுசாக, இரண்டு பக்கமும் படமெடுத்து வையுங்கள். விலாசம் தமிழில் எழுதியிருந்தால் இன்னும் கவனம்: அதை ஆங்கிலத்தில் சிவப்பு மையால் எழுதிக் காட்டிய ஒரு பிரிப்பாளரின் கையெழுத்தும் அங்கே இருக்கலாம். பர்மா தனியான அந்த 1937 ஏப்ரல் மாதத்தில் ரங்கூனிலிருந்து ராயபுரத்துக்கோ திருவொற்றியூருக்கோ வந்த உறை யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். விலைக்குக் கேட்கவில்லை, பார்க்க வேண்டும்.