பால் ஆலைக் கழிவுநீர்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கதையும் 2023 டிசம்பரில் அம்மோனியா கசிந்த கதையும் உறுப்பினர்களுக்குத் தெரியும். பால் பதப்படுத்தும் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கொசஸ்தலையாற்றில் விடலாமா என்ற கேள்விக்கு மட்டும் செயற்குழு இங்கே பதில் சொல்கிறது.

பால் தொழிலை நாங்கள் எதிர்க்கவில்லை. சுத்திகரித்த நீரை ஆலைகளே மறுபடி பயன்படுத்துவதைக் கொள்கையளவில் வரவேற்கிறோம். கொடுங்கையூரில் ஊர்ச் சாக்கடையையே சுத்திகரித்து மணலி ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். பால் ஆலைக்கு மட்டும் ஆறு எதற்கு?

"பால்தானே, விஷமா?" என்கிறார்கள். டேங்கையும் குழாயையும் கழுவிய காஸ்டிக் சோடாவும் நைட்ரிக் அமிலமும் கழிவுநீரில் சேர்ந்தே வருகின்றன. கொழுப்பும் புரதமும் அழுகினால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் போய்விடும். இறால் எங்கே நிற்கும்? பனீர் வடித்த நீரின் பி.ஓ.டி. (கழிவு அழுகும்போது இழுக்கும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 30,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடியது. பால் ஆலைக்கு விதித்த வரம்போ 100.

பி.ஓ.டி. குறைந்தாலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் தங்கிவிடுவதுண்டு. கழிமுகத்தில் பாசி மண்டுவது அவற்றால்தான். வயலுக்குப் போனால் அவையே உரம். அந்த உரத்தைச் செய்யத்தான் கப்பலில் அம்மோனியா வருகிறது. அதைக் கரைக்குக் கொண்டுவரும் கடலடிக் குழாய்தான் 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கசிந்தது. மூச்சுத் திணறிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடியது. உரச்சத்தை ஆற்றில் கொட்டிவிட்டு, அதே சத்துக்காக எங்கள் கடலுக்கடியில் அம்மோனியா இழுப்பது என்ன நியாயம்?

சத்தை மீட்க வழி இருக்கிறது. காற்றுப் புகாத தொட்டியில் கழிவுநீரைச் செரிக்கவிட்டால் எரிவாயு கிடைக்கும். மிஞ்சும் நீரில் மக்னீசியம் சேர்த்துக் காரத்தன்மையை ஏற்றினால் அம்மோனியமும் பாஸ்பேட்டும் வெள்ளைப் படிகமாக அடியில் இறங்கும். ஸ்ட்ரூவைட் எனப்படும் இது மெல்லக் கரையும் உரம். உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புநீரிலேயே மக்னீசியம் உண்டு. இதனால் அம்மோனியா இறக்குமதி நின்றுவிடாது என்பது தெரியும். அதற்காக மீட்காமல் விடுவதா?

இப்படி மீட்பதற்குச் சிறு ஆலைகளுக்குச் செலவு அதிகம் என்ற கருத்தைச் செயற்குழு பதிவு செய்கிறது. அவற்றுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பரிசீலிக்கலாம்.

மாசு கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணை தருமுன் நைட்ரஜன், பாஸ்பரஸ் அளவுகளையும் தமிழில் வெளியிட வேண்டும். ஆற்றில் போய் விழும் எந்தக் குழாய்க்கும் எங்கள் சம்மதம் கிடையாது.