காஃப்காவின் அலுவலக மேசை

ஃபிரான்ஸ் காஃப்காவைப் பற்றிய பேச்சில் அலுவலகத்துக்கு எப்போதும் வில்லன் வேடம். பகலில் கோப்புகளுக்குள் நசுங்கி, இரவில் எழுத்தில் மூச்சுவிட்டவர் என்ற சித்திரம் நமக்கும் வசதியாக இருக்கிறது. குமாஸ்தா எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லாத மொழி அல்லவா நம்முடையது! அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் அதற்குச் சாட்சி சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவர் நொந்துகொள்வது பெரும்பாலும் எழுதும் நேரம் பறிபோவதைப் பற்றித்தான். 1908இல் பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்து, 1922இல் காசநோயால் ஓய்வு பெறும்வரை அவர் அலுவலுக்காக எழுதியவற்றையும் படித்தால், தொழிலாளி மீது அவருக்கிருந்த பரிவு உருவம் பெற்ற இடமே அந்த மேசைதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றி நிறுவனத்தின் 1909ஆம் ஆண்டறிக்கைக்கு அவர் எழுதிய பகுதியை எடுத்துக்கொள்வோம். அன்றைய இயந்திரங்களில் கத்திகள் சதுரத் தண்டில் பொருத்தப்பட்டிருந்தன. தண்டுக்கும் மேசைத்தட்டின் விளிம்புக்கும் நடுவே அகலமான இடைவெளி விழும். பலகையைத் தள்ளும் கை சற்று வழுக்கினால் விரல்கள் அதற்குள் போய்விடும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் இது நேரும் என்று காஃப்கா படங்களோடு விளக்குகிறார். உருளைத் தண்டு போட்டால் இடைவெளி குறுகும், கை பட்டாலும் சிறு காயத்தோடு போகும். எல்லாம் தொழிலாளியின் அஜாக்கிரதை என்று கைகழுவுகிற முதலாளிக்கு இதைவிட உருப்படியான மறுப்பு உண்டா? ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. புதிய தண்டால் செலவும் குறையும் என்று கல்லாப்பெட்டியைப் பார்த்தும் பேசுகிறார். விபத்து குறைந்தால் நிறுவனத்துக்குத்தான் ஆதாயம், சம்பளம் வாங்கியவர் கடமையைச் செய்தார், இதில் பரிவு எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆலைகளை ஆபத்தின் அளவுப்படி வகைபிரிப்பதும், கூடுதல் சந்தாவை எதிர்த்து முதலாளிகள் போடும் மேல்முறையீடுகளுக்குப் பதில் எழுதுவதும் அவர் வேலை. அங்கே நிறுவனத்தின் நலனும் தொழிலாளியின் நலனும் ஒரே பக்கம் நின்றன. அந்த வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை. தொழிலாளிக்காக உருகிய எழுத்தாளர்கள் ஏராளம். விரல் எந்த இடைவெளியில் போனது என்று குனிந்து பார்த்தவர்கள் குறைவு. (கட்டடத் தொழிலாளரின் தலைக்கவசத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்ற கதைக்கு ஆதாரமில்லை, அவருக்கு அது தேவையுமில்லை.)

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று. தங்கை கணவர் 1911இல் தொடங்கிய கல்நார் ஆலையில் காஃப்காவும் பங்குதாரர். கல்நார்த் தூசு நுரையீரலை என்ன செய்யும் என்று இன்று நமக்குத் தெரியும். அங்கே வேலை செய்த பெண்களைப் பற்றி 1912 பிப்ரவரியில் நாட்குறிப்பில் எழுதுகிறார்: இரைச்சலுக்கு நடுவே அவர்களை யாரும் மனிதராக மதிப்பதில்லை, ஒரு வணக்கம்கூடச் சொல்வதில்லை, வேலை முடிந்து கைமுகம் கழுவித் தலைவாரிய பிறகே பெண்களாகத் தெரிகிறார்கள். இப்படிப் பார்க்கத் தெரிந்தவரின் பெயர் முதலாளிகள் வரிசையில்தான் இருந்தது. ஆலை 1917இல் மூடப்பட்டது. இதற்குச் சமாதானம் சொல்லி அவரைத் தப்பவைக்க நாம் முயலவில்லை. அவரே முயன்றதாகத் தெரியவில்லை. ஆலையை மேற்பார்வையிடச் சொல்லிக் குடும்பம் நெருக்கிய 1912 இலையுதிர்காலத்தில்தான், பின்னர் ‘அமெரிக்கா’ நாவலின் முதல் அத்தியாயமான கதையை எழுதினார். அநீதிக்கு ஆளான கப்பல் கொதிகலன் தொழிலாளி கேப்டனிடம் முறையிடப் போகிறான். ஆனால் குறைகளைக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகிறது. எளிமையாக, வரிசையாகச் சொல் என்று இளைஞன் கார்ல் சொல்லிக்கொடுக்கிறான். மனுக்களோடு மல்லாடிய அதிகாரிக்கே இந்த நுட்பம் வாய்க்கும்: நியாயம் இருந்தும், அதை அடுக்கிச் சொல்லத் தெரியாததால் தோற்பவனை அவர் அறிவார். நடுவில் கார்லின் பணக்கார மாமா, ஒரு செனட்டர், வெளிப்படுகிறார். வழக்கு அந்தரத்தில் நிற்க, கார்ல் அவரோடு படகேறிவிடுகிறான். வாதாட வந்தவன் கடைசியில் யார் படகில் ஏறுகிறான் என்பதை மறைக்காத இந்தக் கதையை, நாவல் முடியாமலே கிடந்தபோதும், 1913இல் தனி நூலாக வெளியிட்டார்.