வட்டி நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம்

மனை, தங்கம் என்று சொல்லி மக்களிடம் பணம் திரட்டும் நிறுவனங்கள் பற்றி, திண்டுக்கல் பகுதியில் முதலீட்டாளர்களுக்காக இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது: பணம் வாங்கும்போதே சட்டம் பாய வேண்டும்.

2023இல் மதுரை நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எங்கள் கேள்வி, இதுபோன்ற வழக்குகள் ஏன் எப்போதும் கடைசியிலேயே வருகின்றன என்பது. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் வட்டி நின்று, மனுவோடு கூட்டம் திரண்ட பிறகே அதைக் கையில் எடுக்கிறார்கள்.

தாமதத்தின் விலைக்கு பிஏசிஎல் சாட்சி. விவசாய நிலம் விற்பதாகச் சொன்ன அந்த நிறுவனத்தை, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 1999இலேயே கேள்வி கேட்டது. வழக்கு ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று சுற்றி, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவு வர 2014 ஆகஸ்ட் ஆனது. அதற்குள் திரண்டது சுமார் 49,100 கோடி ரூபாய்.

இந்த வகை ரசீதை ஒருமுறை பார்த்தாலே போதும். 'மனைக்கான முன்பணம்' என்றிருக்கும். சர்வே நம்பர் இருக்காது, கிரயத் தேதி இருக்காது. மாதம் பிறந்தால் மட்டும் 'ஊக்கத்தொகை' வந்துவிடும். மனை வாங்கியவருக்கு விற்றவர் எதற்கு மாதாமாதம் பணம் தர வேண்டும்? 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், மனைக் கிரயத்தில் கழிக்கப்படும் முன்பணத்துக்கே விலக்கு தருகிறது. அனுமதியற்ற திட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே குற்றம். ஐந்தாண்டு வரை சிறை. ஆகவே கல்யாண மண்டபத்தில் முதலீட்டாளர் கூட்டம் நடக்கும் அன்றே பதிவுச் சான்றைக் கேட்கலாம். கேளுங்கள் என்கிறோம்.

ஏஜெண்டுகள் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. வேடசந்தூர் மில் தொழிலாளியிடமும் ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரியிடமும் திட்டத்தைக் கொண்டுபோவது பெரும்பாலும் சொந்த மச்சானோ ஓய்வுபெற்ற வாத்தியாரோதான். அவர் பணமும் அதில்தான் இருக்கும். பெரும்பான்மை முடிவு: வாங்கிய கமிஷனைத் திருப்பிக் கட்டி உண்மையைச் சொல்பவரைச் சாட்சியாக ஏற்கலாம், அவருக்கு மேலே இருந்தவர்களை விடக் கூடாது.

பேராசை என்று முதலீட்டாளரைப் பழிப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. முன்பின் தெரியாதவரை நம்பி யாரும் மகள் கல்யாணப் பணத்தைக் கொடுப்பதில்லை.

அந்தப் பணம் திரும்பி வர, இத்தகைய நிறுவனங்களிடம் ஜப்தி செய்த சொத்துகளின் பட்டியலை சர்வே நம்பரோடு தாலுகா அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். அவற்றை ஏலம் விடக் கெடு வைத்து, அது தவறினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.