தெர்மாக்கோல் அழகியல்

1

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான 'படைப்பூக்கக் கலைச் செயல்திட்டம்' என்ற பெயரில் நம் ஊர்களில் நடப்பது கலைக்கு விரோதமான காரியம். கலை இல்லாத காரியம் என்று சொல்லி விட்டுவிடலாம்தான். அப்படிப்பட்டவை எத்தனையோ இருக்கின்றன. அவற்றால் பெரிய கெடுதல் இல்லை. இதனால் கெடுதல் உண்டு. பதினாலு பதினைந்து வயதில் ஒரு பையனோ பெண்ணோ தன் கண்ணால் ஒன்றைப் பார்த்துத் தன் கையால் அதை எட்டிப் பிடிக்கத் தயாராக இருக்கிற நேரத்தில் இது குறுக்கே வந்து நின்று, 'நீ பார்க்க வேண்டியதில்லை, ஐடியா நான் தருகிறேன்' என்கிறது.

ஐடியாக்களின் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐஸ்கிரீம் குச்சியில் வீடு. உடைந்த வளையலில் மயில். பழைய சிடியில் கடிகாரம். பாட்டிலுக்கு வர்ணம் அடித்துப் பூச்சாடி. தெர்மாக்கோலில் தாஜ்மகால். எந்த ஊருக்கும் யாருக்கும் பொருந்துவது இந்தப் பட்டியலின் லட்சணம். அதாவது எந்த ஊருக்கும் யாருக்கும் சம்பந்தமில்லாதது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்குப் போய் 'ப்ராஜெக்ட்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எத்தனையாவது வகுப்பு என்று மட்டும் கேட்டுக்கொண்டு கடைக்காரர் தெர்மாக்கோல் பலகை, ஃபெவிகால், மினுக்குத் தாள், ஸ்கெட்ச் பேனா எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவார். பையன் யோசிப்பதற்கு முன்பே செயல்திட்டம் பாதி முடிந்தாயிற்று. மீதியை ராத்திரி அப்பா முடிப்பார்.

சி.பி.எஸ்.இ. 2020-இல் ஒன்று முதல் பத்து வகுப்பு வரை கலையோடு இணைந்த செயல்திட்டத்தைக் கட்டாயமாக்கிற்று. 'ஏக் பாரத் ஸ்ரேஷ்ட பாரத்' திட்டப்படி ஜோடி மாநிலம் ஒன்றைப் பற்றிச் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டுக்கு வாய்த்த ஜோடி ஜம்மு-காஷ்மீர். ஆகவே, கோமுகி ஆற்றை ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்திராத கள்ளக்குறிச்சிப் பையன் தால் ஏரியின் படகு வீட்டைத் தெர்மாக்கோலில் செய்கிறான். அதே தெர்மாக்கோல் சாப்பாட்டுத் தட்டாகவும் டீக் கோப்பையாகவும் வந்தால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மதிப்பெண் வாங்கித்தரும் ஏரியாக வந்தால் தடை இல்லை.

சில வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கண்காட்சிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். மேஜை மேஜையாக வெள்ளைக் கட்டடங்கள். ஒரு மூலையில் நோட்டுத்தாள் ஒன்றில் பேனாவால் வரைந்த மரவள்ளிச் செடி: பிடுங்கிப் போட்டது, கிழங்குகள் விரல்களைப்போல் விரிந்து, அவற்றில் ஒட்டியிருந்த மண் கட்டியோடு. மண்ணுக்காக அந்தப் பெண் ஆயிரம் புள்ளி வைத்திருந்தாள். அதற்குப் பரிசு கொடுக்கலாம் என்றேன். 'அது வெறும் ட்ராயிங்தானே சார், ப்ராஜெக்ட் இல்லையே' என்றார்கள். தாஜ்மகாலுக்கு முதல் பரிசு போயிற்று. பார்த்தது தோற்று, பார்க்காதது ஜெயித்தது. இந்த நியாயம் அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் உரியதல்ல. நம் இலக்கியப் பரிசுகளிலும் இதைப் பார்த்து வருகிறோம்.

2

குற்றத்தை ஓவிய ஆசிரியர் தலையில் போடுவது சுலபம். அவர் யார் என்று பார்க்க வேண்டும். 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியிலிருந்து ஒரு பாதை ராய் சௌத்ரி, பணிக்கர் வழியாக 1966-இல் சோழமண்டலம் போய்ச் சேர்ந்தது. அதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். இன்னொரு பாதை உண்டு. 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்', 'மாடல் டிராயிங்' என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளை எழுதிப் பாஸ் செய்து, பூசணிக்காயும் கூஜாவும் வரையத் தெரிந்த ட்ராயிங் மாஸ்டரின் பாதை. இவரைப்பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்குமாக அரசு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். பிற்பாடு சம்பளம் கொஞ்சம் கூடியது. 'பகுதி நேரம்' என்ற பெயர் போகவில்லை. கணக்கு வாத்தியார் பாடம் முடிக்கவில்லையென்றால் முதலில் பறிபோவது அவருடைய பீரியட். இப்படி ஒரு மனிதரை உட்காரவைத்துவிட்டுப் படைப்பூக்கத்தைக் கொண்டுவா என்றால் அவர் பட்டியலைத்தான் கொண்டுவருவார்.

2022-இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. ஜெயித்தவர்களுக்குக் 'கலையரசன்', 'கலையரசி' பட்டம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மேடை கிடைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கலைக்கு அரசனும் அரசியும் எதற்கு? போட்டிக்கு வேண்டியது முடிவு, அதுவும் மணி அடிப்பதற்குள். இளம் வயதில் கலைக்கு வேண்டியது முடிக்காமல் விட்டுவைக்கிற சுதந்திரம்.

3

தெர்மாக்கோலைத் திட்டினால் உடனே ஒரு கூட்டம் கை தட்டும். மரபுக்காரர்கள். 'ஆமாம், நம் பாரம்பரியக் கலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்' என்பார்கள். இவர்களோடும் எனக்கு உறவில்லை.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பக்கங்களிலும் தேருக்கும் வாகனத்துக்கும் மரம் செதுக்குகிற பட்டறைகள் இருக்கின்றன. உளி வைத்துக் கொட்டாப்புளியால் தட்டுகிறவனைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். மரம் சும்மா இருப்பதில்லை. நார் போகிற திசைக்கு எதிரே உளி போனால் பிய்த்துக்கொண்டு வரும். மனசில் இருக்கிற யாளியின் மூக்குக்கும் மரத்தில் கிடக்கிற முடிச்சுக்கும் நடக்கிற வாக்குவாதத்தில்தான் அந்த யாளி பிறக்கிறது. தெர்மாக்கோல் எந்தப் பக்கம் அறுத்தாலும் சம்மதித்துவிடும். எதிர்க்காத பொருளிடம் கற்க எதுவும் இல்லை. இந்த அளவில் பட்டறை பள்ளிக்கூடத்தைவிட மேல் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் தமிழ்நாட்டில் பட்டறையையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறவன் 1953-ஐ மறக்க முடியாது. பாதி நாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்துக்குக் குலக்கல்வி என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். 1954-இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்தக் கோபம் நியாயமானது, இன்றும் நியாயம். தச்சர் மகன் உளி பிடிக்க வேண்டும் என்பதற்காகவா அவனைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்? பட்டறைக்குப் போக வேண்டியது தாசில்தார் மகள். நிலக்காரர் மகன். சேரியிலிருந்து வருகிற பெண். எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கையை வரைய வேண்டும். ஒரு தேர்க்கால் செதுக்க எத்தனை நாள், கூலி எவ்வளவு என்று கேட்க வேண்டும். அந்தத் தேர் எந்தத் தெருவுக்கு வரும், எந்தத் தெருவுக்கு வராது என்றும் கேட்க வேண்டும்.

கடைசிக் கேள்வியைப் பாரம்பரியம் விரும்பாது. சங்கராபுரத்துப் பக்கம் சேஷசமுத்திரத்தில் தலித் மக்கள் தங்கள் மாரியம்மனுக்கு ஒரு தேர் செய்து வைத்திருந்தார்கள். பொது வீதியில் அது ஓடலாமா என்பதே தகராறு. 2015 ஆகஸ்ட் 15 அன்று தேரையும் வீடுகளையும் எரித்தார்கள். மரச்சிற்பத்தின் பெருமை பேசுகிற துண்டுப் பிரசுரம் எதிலும் எரிந்த இந்தத் தேர் இல்லை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதைக் கரிக்கட்டியால் வரைந்து வைத்தால், அதை 'மரபுக் கலை' மேஜையில் வைப்பார்களா, 'சமூக நல்லிணக்க' மேஜையில் வைப்பார்களா? இரண்டிலும் வைக்க மாட்டார்கள். தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டி வைப்பார்கள்.

மரபில் பள்ளிக்கூடம் கற்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் சித்திரைக்குச் சித்திரை கூத்தாண்டவரின் உருவம் புதிதாக எழும்புகிறது. மரத்தலை, வைக்கோல் உடம்பு. சுற்றியிருக்கிற ஊர்களிலிருந்து உறுப்புகள் வந்து தேரில் ஒன்று சேர்கின்றன. தேர் ஓடி அழுகளம் போய்ச் சேர்வதற்குள் மாலையும் வைக்கோலும் பறிபோய் உடம்பு குலைந்துவிடும். பல ஊர்க் கைகள் சேர்ந்து செய்து, வேண்டுமென்றே இழக்கிற உருவம். பரிசு இல்லை, அலமாரி இல்லை, அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து. கூட்டுச் செயல்திட்டம் என்று பள்ளிக்கூடம் சொல்கிற சொல்லுக்கு அர்த்தம் அங்கே இருக்கிறது.

4

மலைமேல் கதை இன்னும் மோசம். கல்வராயன் மலையில் இருக்கிற மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆளுகிறவர்கள் என்று பெயர், பேசுவது தமிழ். ஆண்ட கதை பெயரோடு சரி. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களின் கீழ் வரி கட்டியும் கூலியில்லாமல் உழைத்தும் இருந்தவர்கள். 1976-இல்தான் ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டது. அறுபதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்தக் காலத்தைச் சொல்வார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஆண்டு விழா வந்தால் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு என்ன 'ஐடியா' கொடுப்பார்கள் என்று யாரும் ஊகிக்கலாம். இடுப்பில் இலை, தலையில் இறகு, முகத்தில் கோடு, கையில் ஈட்டி. சினிமாக்காரன் கண்டுபிடித்த ஆதிவாசி. தன் தாத்தா ஒருநாளும் கட்டாத உடையைக் கட்டிக்கொண்டு தன்னையே வேஷம் போடுகிறான் பையன்.

அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்து, தாத்தாவைக் கேட்டு மூன்று ஜாகீரின் எல்லையையும் வரைந்து வா என்றால் என்ன? எந்த ஓடையோடு ஒன்று முடிந்தது, எந்தப் பாறையில் வரி வசூலித்தார்கள், சாமையும் ராகியும் எந்தத் தடத்தில் இறங்கிப் போயின என்று? அது வரைபடமா, ஓவியமா, சரித்திரமா என்று எந்தப் பாட ஆசிரியருக்கும் தெரியாது. நல்லதாயிற்று.

மைகூட அங்கேயே இருக்கிறது. கல்வராயனில் கடுக்காய் நிறைய. நசுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, துருப்பிடித்த ஆணி இரண்டைப் போட்டு வைத்தால், அதன் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கறுப்பு மை இறங்கும். கலம்காரித் துணியில் கறுப்புப் பிடிப்பதும் இந்தக் கூட்டினால்தான். நான் இதைச் சொன்னதும் 'இயற்கை மை, நல்ல ஐடியா' என்று யாராவது குறித்துக்கொள்வார் என்பது தெரியும். அடுத்த வருஷம் கடுக்காய் மையில் தாஜ்மகால் வரும். உள்ளூர்ச் சரக்கை உபயோகி என்பது என் கட்சி இல்லை. அந்த மை எப்படிப்பட்ட கறுப்பு, காய்ந்தால் எப்படி மாறுகிறது, அந்தக் கறுப்பால் மட்டுமே சொல்லக்கூடியது எது என்று ஒருத்தி தானாகத் தேடப் போனால்தான் கதவு திறக்கும். அந்தத் தேடலைப் பட்டியலாகக் கொடுக்க முடியாது.

5

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தத் தெருப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறவர்கள். போதை ஒழிப்பு ஓவியப் போட்டி என்பது பள்ளிகளில் வருஷந்தோறும் நடக்கிற சடங்கு: பாட்டில், மண்டையோடு, குறுக்கே சிவப்புப் பட்டை, அடியில் ஒரு வாசகம். அப்பாவையோ அம்மாவையோ இழந்த ஒரு பிள்ளையின் முன்னால் இந்த மண்டையோட்டை மாதிரியாக வைத்தால் அதற்கு என்ன பெயர்? நான் கொடூரம் என்பேன். துக்கத்துக்குக்கூட ஐடியாவை வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுப்பது.

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் விடுவதா என்று கேட்பார்கள். இதைவிட இருண்ட இடத்தில் ஒருத்தி செய்து காட்டியிருக்கிறாள். பௌஹவுஸில் படித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், 1942-இல் நாஜிகள் தன்னை டெரஸீன் முகாமுக்கு அனுப்பியபோது அனுமதித்த சுமையில் ஓவியச் சாமான்களை எடுத்துப் போனாள். அங்கிருந்த குழந்தைகளிடம் முகாமின் கொடுமையை வரைந்து காட்டு என்று கேட்கவில்லை. தாளத்தைக் கோடாக்கச் சொன்னாள். ஒரு ஜாடியைப் பார்க்கச் சொன்னாள். காகிதம் கிடைக்காதபோது அலுவலகத்தின் பழைய படிவங்களைக் கிழித்து ஒட்டச் சொன்னாள். 'கழிவிலிருந்து கலை' என்று போட்டி நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கழிவு அது. தாளில் சொந்தப் பெயரை எழுத வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். 1944 அக்டோபரில் அவளை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோர் செத்தார்கள். இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 சித்திரங்கள் தப்பின. ஒரு குழந்தைக்கு விஷயம் கொடுக்காமல் பார்வையைக் கொடுத்தால், விஷயத்தை அதுவே கொண்டுவரும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

நம் வட்டத்துக்குக் கடைசியாக ஒன்று. சிறுபத்திரிகை அட்டைகளில் ஆதிமூலத்தின் கோடுகளை அச்சிட்ட மரபு நம்முடையது என்று சொல்லிக்கொள்கிறோம். கோட்டைப் பார்க்கத் தெரிந்த சில நூறு பேர் எப்படியோ உண்டானார்கள். அடுத்த சில நூறு பேர் எங்கிருந்து வருவார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பு ஓவிய பீரியடில் நடப்பது நம் ரசனைக்குக் கீழ்ப்பட்ட விஷயம் என்று நினைக்கிறார்கள். அங்கே கெட்டுப்போன கண்ணைத்தான் பிறகு வாசகன் என்று சலித்துக்கொள்கிறோம்.

நான் கேட்பது மூன்றே. ஓவிய ஆசிரியர் முழு நேர ஆசிரியராக இருக்கட்டும். ஒரு பருவம் முழுக்க ஒரே ஒரு பொருளைப் பார்க்க விடுங்கள்: ஒரு கை, ஒரு கிழங்கு, ஒரு தெரு. அதற்கு மதிப்பெண் போடாதீர்கள். இதற்குப் பணம் பெரிதாக வேண்டாம். தெர்மாக்கோல் செலவு மிச்சம். மரவள்ளிச் செடியை வரைந்த அந்தப் பெண் இப்போது எங்கே என்ன படிக்கிறாளோ தெரியாது. இந்த வருஷம் அதே மாதிரி ஒருத்தி ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். அவள் கையிலிருந்து அந்தப் பட்டியலைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.