தவளைக்கும் ஒரு வைத்தியம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மாடு தீவனம் எடுக்கவில்லை என்றால் வீடே கலங்குகிறது. நாய் சுருண்டு படுத்தால் கால்நடை மருத்துவரிடம் ஓடுகிறோம். தவளைக்கு நோய் வந்தால்? "தவளைக்கெல்லாமா வைத்தியம்?" என்று சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இந்தச் சின்னஞ்சிறு உயிரின் நோயைக் கவனிக்கத் தெரிந்துகொள்வது, நம் ஊர்த் தண்ணீரைக் கவனிக்கத் தெரிந்துகொள்வதே ஆகும் என்பது என் கருத்து.

எங்கள் சுருளிப்பட்டியில் மழை பெய்து குட்டையும் வாய்க்காலும் நிரம்பிவிட்டால், சிறுவர்கள் தலைப்பிரட்டைகளைப் பாட்டிலில் பிடித்து வந்து வளர்ப்பார்கள். கால் முளைத்து, வால் சுருங்கி, தவளைக்குஞ்சு ஆகும்வரை தெருவே வேடிக்கை பார்க்கும். பிறகு ஒரு நாள் குஞ்சு அசையாமல் கிடக்கும். உடனே பாட்டில் என்னிடம் வந்து சேரும். "அண்ணே, நீங்கதான் விலங்கியல் படிக்கிறீங்களே, இது பொழைக்குமா?" என்பார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். படித்தவனிடம் ஊர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லவா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காட்டிலும் வயலிலும் வாழும் தவளை வீட்டு வளர்ப்புப் பிராணி அன்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் தவளைகளும் இடம்பெற்றுள்ளன. ஆகவே பிடித்து வளர்க்காமல் இருப்பதே முறை. ஆனால் ஏற்கெனவே ஒரு குஞ்சு கைக்கு வந்து, நோயுற்றுக் கிடக்கும்போது சட்டத்தை மட்டும் ஓதிவிட்டுப் போக முடியுமா?

நோயைப் பற்றிப் பேசுமுன் நோய் அல்லாததை அறிய வேண்டும். முன்னங்கால்கள் வெளிவந்து வால் சுருங்கும் நாட்களில் குஞ்சு இரை எடுக்காது. அதன் வாயும் குடலும் அப்போதுதான் மாறி அமைகின்றன. வாலில் சேர்ந்த சத்தே அந்நாட்களில் அதற்கு உணவு. இதை நோயென்று எண்ணி வாயைப் பிளந்து சோற்றுப் பருக்கையைத் திணிப்பது கொடுமை. அதற்கு அப்போது வேண்டியது ஏறி உட்கார ஒரு சரிவான கல். நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கிய குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லையென்றால் அது தண்ணீரிலேயே மூழ்கி இறக்கும். அவ்வப்போது தோலை உரித்துத் தானே தின்பதும் தவளையின் இயல்புதான்.

உண்மையான நோயின் அறிகுறிகள் வேறு. வால் முழுதும் மறைந்து பல நாள் ஆகியும் இரையைப் பாராதிருத்தல், இடுப்பெலும்பு தெரிய மெலிதல், உடம்பு நீர் கோத்து வீங்குதல், கண் மங்குதல், தோல் அளவுக்கு மீறித் திட்டுத்திட்டாக உரிதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். மல்லாந்து விழுந்த குஞ்சு உடனே புரண்டு எழாவிட்டால் நிலைமை மோசம் என்று கொள்ளலாம். தொடையின் உட்புறமும் அடிவயிறும் இரத்தம் கட்டியதுபோல் சிவந்தால் அது செங்கால் நோயாக இருக்கலாம். அதை உண்டாக்கும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் சாதாரணமாகத் தண்ணீரில் இருப்பவைதாம். அழுக்குத் தண்ணீராலும் நெரிசலாலும் குஞ்சு நலிந்திருக்கும் நேரம் பார்த்து அவை தாக்குகின்றன.

ஏன் தண்ணீருக்கு இவ்வளவு முக்கியத்துவம்? தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை; தோலால் குடிக்கிறது. மூச்சின் ஒரு பகுதியையும் தோலாலேயே விடுகிறது. நமக்குத் தோல் ஒரு சட்டை என்றால், தவளைக்கு அது வாயும் மூக்கும் போன்றது. நாம் அன்போடு தடவும் மஞ்சளும், வேப்பெண்ணெயும், கடையில் வாங்கிய களிம்பும் நேரே அதன் இரத்தத்தில் கலக்கக்கூடும். கையில் ஒட்டியிருக்கும் சோப்பு கூட அதற்கு நஞ்சு.

ஆகவே முதல் வைத்தியம் மருந்து அன்று. நோயுற்ற குஞ்சை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் புகும் தனிப் பெட்டியில் நிழலில் வைக்க வேண்டும். அடியில் ஈரமான வெள்ளைத் தாள் விரித்தால், கழிவு போகிறதா என்பதும் தெரியும், துப்புரவும் எளிது. ஆழமில்லாத தட்டில் நல்ல தண்ணீர் வைத்து நாள்தோறும் மாற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும். கறையான், சிறு ஈ போன்ற உயிருள்ள இரையே கொடுக்க வேண்டும். தொட நேர்ந்தால் நல்ல தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும். தவளைகள் சால்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கக்கூடியவை. ஆதலால் தொட்ட பின் நம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது நமக்கான வைத்தியம். இவ்வளவுக்கும் தேறாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டும். மனிதருக்கு வாங்கிய மாத்திரையைக் கரைத்து ஊற்றக் கூடாது.

இனி, அந்தப் பாட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்போம். எங்கள் ஊர் திராட்சை ஊர். கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றபோது நாங்கள் பெருமைப்பட்டோம். அந்தக் கொடியை அடிச்சாம்பல் நோயிலிருந்து காக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையைத் தெளிக்கிறார்கள். துத்தத்திலுள்ள தாமிரம் தலைப்பிரட்டைக்கு நஞ்சு. மருந்து கலக்கிய டிரம்மைக் கழுவிய தண்ணீர் ஓடித் தேங்கும் குழியிலும் தலைப்பிரட்டை பிடிக்கிறார்கள் சிறுவர்கள். என் தந்தையாரும் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கூலிக்காரர்தான். மருந்தடிக்காமல் விளைச்சல் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றே: டிரம்மை வாய்க்கால் ஓரத்திலும் கிணற்றடியிலும் கழுவாதிருக்கலாம் அன்றோ? தவளைக்குஞ்சு முதலில் சாகும் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் நாமும் குடம் வைக்கிறோம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. குஞ்சு பிழைக்காது என்று தோன்றினால் பலர் 'புண்ணியமாகப் போகட்டும்' என்று ஓடையில் விட்டுவிடுகிறார்கள். இதில் புண்ணியம் இல்லை. தவளையின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சைக்கு 1999இல் விஞ்ஞானிகள் பெயரிட்டனர். தோல் வழியாக உப்புச் சத்துகள் செல்வதை அது குலைக்கிறது. இறுதியில் இதயம் நின்றுவிடுகிறது. உலகில் 501 இருவாழ்வி இனங்கள் இந்நோயால் குறைந்துள்ளன என்றும், அவற்றுள் 90 அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன என்றும் 2019இல் வெளிவந்த ஆய்வு கூறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிடமும் இப்பூஞ்சை இருப்பது 2011இல் அறிவிக்கப்பட்டது. அது குளிர்ச்சியை விரும்புவது. நம் தரைவெளி வெயிலில் அடங்கிக் கிடக்கலாம். ஆனால் சுருளி அருவிக்கு மேலே மேகமலை குளிர்ந்த மலை. அங்கே உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் வாழ்கின்றன. ஒரு பாட்டில் தண்ணீரோ, ஒரு நோய்க்குஞ்சோ அங்கு போய்ச் சேரலாகாது. நோயுற்றதை ஓடையில் விடாதீர்கள்; இறந்ததை ஆழப் புதையுங்கள்; பாட்டிலை வெந்நீரில் கழுவி வெயிலில் நன்றாகக் காய வையுங்கள்.

நமக்கு முன் படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் தவளையை அறுத்து விலங்கியல் கற்றார்கள். 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு அதை நிறுத்தியது. தவளையின் இதயத்தைத் தட்டில் காணும் வாய்ப்பு நமக்கு இல்லை. அதனால் குறையொன்றுமில்லை. உயிருள்ள தவளை நலமாக இருக்கிறதா என்று பார்த்தறியும் கல்வியை நாம் பெறலாமே! மழைக்காலம் தொடங்குமுன், நம் விலங்கியல் துறை மாணவர்கள் இருவர் மூவராகப் பள்ளத்தாக்கின் பள்ளிகளுக்குச் சென்று, மேற்சொன்ன அறிகுறிகளையும் செய்யத்தகாதவற்றையும் ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்ல, பேராசிரியர்கள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். பேருந்துக் கட்டணம் தவிர வேறு செலவில்லை. முதல் பள்ளியாக எங்கள் ஊர்ப் பள்ளியைத் தேர்ந்தால், உடன்வர நான் தயார்.