பை சம்ஒன்

எதிர்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு. இந்த வாரம் ஆங்கிலத் தேர்வுத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'சம்ஒன் ஸ்டோல் மை பர்ஸ்' என்பதை பாஸிவ் வாய்ஸுக்கு மாற்ற வேண்டும். 'மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்' என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். கடைசியில் 'பை சம்ஒன்' இல்லையென்று அரை மார்க் போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ திருடிவிட்டான் என்றால் யாரென்று தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? அந்த 'யாரோ'வை மறுபடி வாலில் கட்டித் தொங்கவிட்டால் திருடன் அகப்பட்டுவிடுவானா?

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தின் மேல் எனக்குள்ள பழைய பகை, இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் இந்த வழக்கில் அது நம் கட்சி. செய்தவர் இன்னாரென்று தெரியாதபோது பாஸிவ்தான் தோது என்கிறது.

சொல்லப்போனால் அந்த ரென்னுக்கு இந்த வித்தை அத்துபடி. பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் வேலை பார்த்த அதே பி.சி. ரென்தான் 1924இல் 'போ ஜெஸ்ட்' நாவலை எழுதியவர். சகாராவில் ஒரு பிரெஞ்சுக் கோட்டை. உதவிக்கு வரும் படை பார்க்கிறது: மதில் இடுக்கு ஒவ்வொன்றிலும் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நிற்கிறான். அத்தனை பேரும் பிணம். நிற்க வைக்கப்பட்டிருக்கிறார்கள். உள்ளே அதிகாரி குத்திக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். குத்தியிருப்பது பிரெஞ்சு பயனெட். அதற்கும் முன்னால், இங்கிலாந்தில் ஒரு மாளிகையில், விளக்கு அணைந்த நேரத்தில் 'நீலத் தண்ணீர்' என்ற நீலக்கல் திருடப்படுகிறது. அண்ணன் தம்பி மூவரும் ஆளுக்கொரு பக்கமாக 'நான்தான் திருடன்' என்கிற தோரணையில் வீட்டைவிட்டு ஓடி, அந்தக் கோட்டையைக் காத்த பிரெஞ்சு அந்நியப் படையில் (ஃபாரின் லீஜன்) போய்ச் சேருகிறார்கள். யாரால், யாரால் என்று கேட்டுக்கொண்டேதான் பக்கம் புரட்ட வேண்டும். 'பை சம்ஒன்' என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டுப் போகிற மனிதராக இருந்தால் இந்த நாவலே இல்லை.

1939இல் கேரி கூப்பர் நடித்துப் படமாகவும் வந்தது. படம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நாவலை முதலில் படியுங்கள். கல்லை எடுத்தது யார், ஏன் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கலாமென்று அலமாரியில் தேடினேன். என் பிரதி இரவல் வாங்கப்பட்டுவிட்டது, திருப்பித் தரப்படவில்லை. யாரால் என்று எனக்குத் தெரியும். அவரும் வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர் என்பதால் அதோடு விடுகிறேன்.