பேக் இல்லாத பிள்ளையை யார் வீட்டில் நிறுத்தியது?

பெற்றோரே, பழைய மாணவர்களே, சாரணர் குழுக்களை நடத்தும் சக ஆசிரியர்களே,

இந்த விடயத்தில் முதல் குற்றவாளிகள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான். அதனால் எங்களிடமிருந்தே தொடங்குகிறோம்.

சாரணர் ஹைக் ஒன்றுக்குப் பிள்ளைகளிடம் ஒரு பட்டியல் கொடுத்தோம். அதில் முதலாவதாக எழுதியது: '60 லீற்றர் ஹைக்கிங் பேக், கறுப்பு நிறம்'. தங்கப் போவது ஒரே ஓர் இரவு. பிறகு எதற்கு 60 லீற்றர்? எதற்குக் கறுப்பு? உண்மையைச் சொன்னால், குழுப் படம் வடிவாக இருக்க வேண்டும் என்பதற்காக. புறப்படும் நாள் காலையில், கடலுக்குப் போகும் வாப்பா ஒருவரின் மகன் "வயித்துக் குத்து சேர்" என்று வீட்டிலேயே நின்றுவிட்டான். நாங்களும் நம்பினோம். பிறகுதான் அவனுடைய உம்மா சொன்னார்: "பேக் வாங்க ஏலாமப் போச்சு சேர். மத்தப் புள்ளயளுக்கு முன்னால வெக்கப்படுறான்."

அந்தப் பிள்ளையைத் தடுத்தது வறுமை என்று சொல்லித் தப்பிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தடுத்தது எங்கள் பட்டியல்.

சாரணியம் பிறந்த கதையைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். 1907 ஓகஸ்டில் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் முதல் பாசறையை நடத்தினார். பணக்காரப் பாடசாலைப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். வசதியுள்ளவரிடம் 1 பவுண் வாங்கினார்கள். மற்றவரிடம் மூன்றரை ஷில்லிங். அன்று 1 பவுண் என்பது 20 ஷில்லிங். அடுத்த வருடம் அவர் எழுதிய சாரணர் விதிகளில் ஒன்பதாவது விதியே சிக்கனத்தைப் பற்றியதுதான். அந்த இயக்கத்தின் பெயரால் எல்லோரிடமும் ஒரே விலைப் பேக்கைக் கேட்டது எந்த நியாயம்? 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை இந்த ஊரில் எந்த வீட்டு அடுப்பும் மறக்கவில்லை.

காசை விடுங்கள், கணக்கையாவது பார்ப்போம். பிள்ளையின் முதுகில் ஏற்றும் சுமை அதன் உடல் எடையில் 10 முதல் 15 வீதத்துக்குள் இருப்பது நல்லது. 32 கிலோ பிள்ளைக்கு அது ஏறத்தாழ 5 கிலோவுக்குள். பெரிய பேக் வெறுமையாகவே 2 கிலோ வரை வரும். ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஒன்றரைக் கிலோ. சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் போர்வைக்கும் மிச்சம் ஒன்றரைக் கிலோதான். இடம் இருந்தால் உம்மா நிரப்பத்தான் செய்வார். பெரிய பேக் வாங்கிக் கொடுப்பது பிள்ளைக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது? பகல் ஹைக்குக்கு அகலமான தோள்பட்டியுள்ள பழைய புத்தகப் பையே போதும். ஓர் இரவுப் பாசறைக்கு 30 முதல் 40 லீற்றர் தாராளம். பிள்ளையைக் குனியச் சொல்லிக் கழுத்தின் கீழே துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்து பாருங்கள். பேக்கின் முதுகு அந்த அளவுக்குப் பொருந்த வேண்டும். இடுப்புப்பட்டி வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் தோளிலிருந்து இறங்கும். தோள்பட்டி பேக்கோடு சேரும் இடத்தை இழுத்துப் பாருங்கள். விலைச் சீட்டைவிட அந்தத் தையல்தான் முக்கியம். பாரமான சாமான்களை முதுகை ஒட்டி நடுவில் வையுங்கள்.

"மலிவான பேக் பாதி வழியில் அறுந்துவிடும், மழையில் நனைந்துவிடும்" என்பார்கள். அறுவது பெரும்பாலும் பட்டியின் அடித்தையல். கடையிலிருந்து நேரே தையற்காரரிடம் கொண்டுபோய் அந்த இடத்தில் பெட்டி போலச் சுற்றித் தைத்து, நடுவில் குறுக்குத் தையலும் போட்டால் தாங்கும். மாரி மழையில் விலை கூடிய பேக்கும் தையல் வழியே ஒழுகும். உள்ளே ஒரு பெரிய பொலித்தீன் பை, அதற்குள் உடுப்பு. அவ்வளவுதான் வைத்தியம்.

கந்தூரிக்கு ஒவ்வொரு வீடும் கிடாரம் வாங்குவதில்லை. பொதுவில் எடுத்துப் பாவித்துக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறோம். பேக்கையும் அப்படி வைத்தால் என்ன? ஒவ்வொரு குழுவிலும் பத்துப் பேக், ஒரு பதிவுக் கொப்பி. கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வந்த எத்தனை பேக்குகள் நம் வீட்டு அலுமாரிகளுக்கு மேல் தூசி பிடித்துக் கிடக்கின்றன! பழைய மாணவர்களே, ஒரு பாராட்டு விழாவின் பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் செலவாகும் காசில் எத்தனை பிள்ளைகளின் முதுகுக்குப் பேக் வரும் என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள். ஆனால் கொடுக்கும்போது படம் எடுத்துப் போடாதீர்கள். வெட்கத்தால் நின்றவனை இன்னொரு வெட்கத்தால் கூட்டிவர முடியாது.

எங்கள் பங்குக்குப் பட்டியலைத் திருத்திவிட்டோம். இனி அதில் இருப்பது: 'இரண்டு தோளிலும் மாட்டக்கூடிய ஒரு பை. இல்லாவிட்டால் சேரிடம் தனியாகச் சொல்லவும்.' நிறம் எழுதவில்லை.

அடுத்த குழுப் படத்தில் பேக்குகள் பல நிறத்தில் இருக்கும். இன்ஷா அல்லாஹ், அந்தப் பிள்ளையும் அதில் இருப்பான்.